சுவர் இருந்தால்தான் சித்திரம்: லோதி காலனி தரும் பாடம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உடல்நலம் பேண வேண்டும் என்று அறிவுறுத்துவதற்காகப் பெரியோர் எடுத்தாளும் இம்மொழி, இன்று இந்திய நகரங்களில் நேர்ப்பொருளிலேயே சிந்திக்கத் தக்கதாகியுள்ளது. 2014ஆம் ஆண்டு தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கமும், 2015இல் தொடங்கப்பட்ட சீர்மிகு நகரங்கள் திட்டமும் நகராட்சிகளின் கவனத்தைப் பொதுச் சுவர்களின் பக்கம் திருப்பின. மேம்பாலத் தூண்கள், பள்ளிச் சுற்றுச்சுவர்கள், இரயில் நிலையங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றில் வண்ண ஓவியங்களைக் காணாத பெருநகரமே இன்று இல்லை எனலாம்.

இவ்வோவியங்களை வரைவதற்குப் பணமும் ஆளும் கிடைத்து விடுகின்றன. ஆனால், வரைந்து முடித்த பின் அவற்றைக் காப்பவர் யார்? எத்தனை ஆண்டுகள் காப்பது? வெளிறிப் போனால் புதுப்பிப்பதா, அழித்து விடுவதா? அம்முடிவை எடுக்க உரியவர் யார்? இவ்வினாக்களுக்குப் பெரும்பாலான இடங்களில் தெளிவான விடை இல்லை. இவற்றை ஆராய்வதற்குத் தலைநகர் டில்லியில் உள்ள லோதி காலனி மிகவும் ஏற்ற இடமாகும். அங்கு ஒரு சுவர் அன்று, ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதுமே ஓவியக் கூடமாக மாறியுள்ளது. சுவர்களின் உரிமையாளர் அரசு. முதல் ஓவியங்கள் தோன்றிப் பத்தாண்டுகள் கழிந்து விட்டன.

குடியிருப்பின் அமைப்பு

லோதி காலனி 1940களில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டது. ஆங்கில ஆட்சியினர் புதுடில்லியில் இறுதியாக அமைத்த குடியிருப்புப் பகுதி இதுவே என்பர். அகன்ற வீதிகள், இரு மருங்கிலும் நிழல் தரும் மரங்கள், இரண்டு மாடிகளுக்கு மிகாத வீட்டு வரிசைகள், அவ்வரிசைகளின் நடுவே உயர்ந்த வளைவு வாயில், அதன் வழியே நுழைந்தால் உள்ளே புல்வெளி முற்றம் என ஒரே ஒழுங்கில் அமைந்த பகுதி இது. வீதியை நோக்கிய சுவர்கள் நீண்டும் உயர்ந்தும் இருக்கின்றன. வண்டிப் போக்குவரத்து பெருஞ்சாலைகளில் உள்ளதைப் போல அடர்ந்ததன்று. நடந்து செல்பவர் நின்று பார்ப்பதற்கு இடமும் உண்டு, நிழலும் உண்டு. சுவரோவியத்துக்கு வேண்டிய இயற்கையான வசதிகள் அனைத்தும் இங்குக் கூடியிருப்பதைக் காணலாம்.

குடியிருப்பை அடுத்துக் கன்னா மார்க்கெட், மெஹர்சந்த் மார்க்கெட் என இரு கடைவீதிகள் உள்ளன. இரண்டும் பிரிவினைக்குப் பின் அகதிகளின் மறுவாழ்வுப் பணியை ஏற்றிருந்த மத்திய அமைச்சர் மெஹர்சந்த் கன்னாவின் பெயரைத் தாங்கியவை. ஓவியம் தீட்டப்பட்ட சுவர்களுள் பெரும்பாலானவை இவ்விரு கடைவீதிகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே இருக்கின்றன.

இங்கு ஒரு செய்தியைக் கவனத்தில் கொள்ளுதல் வேண்டும். இவ்வீடுகளில் வாழ்வோர் சுவருக்கு உரிமையாளர் அல்லர். பணிக்காலத்தில் ஒதுக்கப்படும் வீட்டில் அவர்கள் தங்கியிருக்கின்றனர். மாற்றலோ ஓய்வோ வந்தால் வெளியேறுகின்றனர். எனவே ஒரு சுவரில் ஓவியம் எழுதப்பட்டபோது அதைக் கண்ட குடும்பம், பத்தாண்டுகளுக்குப் பின் அதே வீட்டில் இருப்பதென்பது அரிது. ஓவியத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் ஊர்மக்கள் இத்தகைய குடியிருப்பில் உருவாவதில்லை. பாதுகாப்புப் பற்றிய சிக்கலுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஓவியங்கள் வந்த வரலாறு

பொது இடங்களில் ஓவியம் படைப்பதற்காக ‘ஸ்டார்ட் இந்தியா’ என்னும் அறக்கட்டளை 2014ஆம் ஆண்டு வாக்கில் உருவாயிற்று. ஹனிஃப் குரேஷி என்னும் கலைஞர் இதன் நிறுவனர்களுள் ஒருவர். கடைப்பலகைகளிலும் வண்டிகளிலும் கையால் எழுத்துத் தீட்டி வந்த தெரு ஓவியர்களின் எழுத்து வகைகளைத் தேடித் தொகுத்துப் பதிவு செய்தவர் அவர். கணினியில் அச்சிட்ட பிளெக்ஸ் பலகைகள் பரவியதால் அவ்வோவியர்களின் பிழைப்பு நலிந்து வந்த காலம் அது. குரேஷி 2024ஆம் ஆண்டு மறைந்தார்.

இவ்வறக்கட்டளை 2014இல் டில்லியில் நடத்திய முதல் விழாவின்போது, அன்று டில்லி காவல்துறையின் தலைமையகமாக விளங்கிய கட்டடத்தின் பக்கச் சுவரில் காந்தியடிகளின் உருவம் சுமார் 150 அடி உயரத்தில் தீட்டப்பட்டது. இந்திய ஓவியர் அன்பு வர்க்கியும் ஜெர்மானிய ஓவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷும் இணைந்து அதனைப் படைத்தனர். அனுமதியின்றி இரவில் வரைந்து விட்டு மறையும் கலையாகவே பிற நாடுகளில் பெரிதும் அறியப்பட்ட தெரு ஓவியம், இந்தியத் தலைநகரில் காவல்துறையின் சுவரிலேயே அனுமதியோடு இடம் பெற்றது குறிப்பிடத்தக்கது.

இதன் தொடர்ச்சியாக 2015ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் லோதி காலனிச் சுவர்களில் ஓவியங்கள் தோன்றலாயின. அரசின் இசைவோடும், வண்ணப்பூச்சு நிறுவனம் ஒன்றின் ஆதரவோடும், இந்திய ஓவியர்களும் அயல்நாட்டு ஓவியர்களும் இங்குப் பணியாற்றினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலும் பல சேர்ந்து, ஓவியங்களின் எண்ணிக்கை ஐம்பதைக் கடந்தது. பத்தாண்டு நிறைவையொட்டி 2025ஆம் ஆண்டு விழா எடுக்கப்பட்டுப் புதிய ஓவியங்களும் சேர்க்கப்பட்டன.

ஓவியங்களின் பொருளும் நடையும் பலவகையின. மெக்சிகோ நாட்டு ஓவியர் சென்கோ ஒரு சுவர் முழுவதும் வண்ணப் பறவைகளைத் தீட்டியுள்ளார். ஜப்பானிய ஓவியர் சுயிகோ தாமரையைத் தம் நாட்டு எழுத்தின் வளைவுகளோடு இணைத்துள்ளார். டாகு என்ற புனைபெயரில் இயங்கும் இந்தியக் கலைஞரின் சுவரிலோ வண்ணம் முதன்மை பெறவில்லை. சுவரில் நீட்டிக்கொண்டிருக்குமாறு பொருத்தப்பட்ட எழுத்துகளின் மீது வெயில் படும்போது, அவற்றின் நிழலே சொற்களாகச் சுவரில் விழுகின்றது. பொழுது ஏற ஏற அச்சொற்கள் உருமாறி, வெயில் மறைந்ததும் மறைந்து விடுகின்றன. காலம் அனைத்தையும் மாற்றும் என்ற பொருள்படும் தலைப்பை அதற்கு அவர் இட்டுள்ளார். திருநங்கையர் பங்கு கொள்ளும் அரவாணி கலைத்திட்டம் என்னும் குழுவும் இங்கு ஒரு சுவரைத் தீட்டியுள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லாமல், காவலாளி இல்லாமல், பள்ளி செல்லும் சிறுவரும் பாரம் இழுக்கும் தொழிலாளியும் போகிற போக்கில் இவற்றைக் கண்டு செல்ல முடிகிறது. அருங்காட்சியகத்தின் படியேறத் தயங்கும் மக்களுக்குக் கலையைக் கொண்டு சேர்க்கும் வழியாக இது அமைந்துள்ளது.

சுவரோவியம் உருவாகும் முறை

ஓவியத்தின் ஆயுள், ஓவியர் வருவதற்கு முன்பே பாதி தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. முதலில் சுவரில் உதிர்ந்திருக்கும் பழைய சுண்ணாம்பும் பூச்சும் சுரண்டி எடுக்கப்படுகின்றன. விரிசல்கள் அடைக்கப்பட்டுப் பட்டி பார்க்கப்படுகிறது. அதன் மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு பூசப்பட்டு, நன்கு உலர்ந்த பின்னரே வரையும் வேலை தொடங்குகிறது. சாரம் கட்டியோ, தூக்கி எந்திரங்களைக் கொண்டோ ஓவியர்கள் உயரத்தை எட்டுகின்றனர்.

தாளில் உள்ள சிறு படத்தைப் பெரிய சுவருக்கு மாற்றுவதற்குப் பல முறைகள் உண்டு. தாளிலும் சுவரிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக வரைந்து செல்வது ஒரு முறை. சென்னையில் திரைப்பட விளம்பரத் தட்டிகளைத் தீட்டிய ஓவியர்கள் நெடுங்காலம் கையாண்ட முறையும் இதுவே. இரவு நேரத்தில் ஒளிப்பெருக்கி மூலம் படத்தைச் சுவரில் விழச் செய்து கோடு இழுத்துக்கொள்வது மற்றொரு முறை. வெளிச்சுவருக்கென்று தயாரிக்கப்படும் அக்ரிலிக் எமல்ஷன் வண்ணங்களே இன்று பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன.

இவ்வளவு செய்தும் ஓவியம் நிலைத்து நிற்பதில்லை. டில்லியில் கோடை வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. குளிர்காலத்திலோ பனிமூட்டமும் ஈரமும் சூழ்கின்றன. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் வண்ணப் பொருள்களைச் சிதைக்கின்றன. செங்காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஆக்சைடு வண்ணங்கள் வெயிலை நெடுநாள் தாங்குகின்றன. பளிச்சிடும் இளஞ்சிவப்பு, ஊதா போன்ற சில வண்ணங்கள் விரைவில் வெளிறுகின்றன. வண்ணத்தைக் காட்டிலும் பெரும்பகை ஈரமேயாகும். அடித்தளத்திலிருந்தோ, கசியும் குழாயிலிருந்தோ சுவருக்குள் ஏறும் நீர், செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொணர்கிறது. நீர் ஆவியானதும் உப்பு வெண்பொடியாகப் பூத்து, வண்ணப் படலத்தை உரித்துத் தள்ளி விடுகிறது. ஆகவே, மழைநீர்க் குழாயின் உடைப்பை உரிய காலத்தில் அடைக்கும் குழாய்ப் பணியாளரும் ஓவியத்தைக் காப்பவர்களுள் ஒருவரே ஆவார்.

புதுப்பித்தல் என்னும் மரபு

சுவரில் எழுதும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. ஊர்ப்புறங்களில் அது இன்றும் வாழ்கிறது. ஆங்கெல்லாம் ஓவியம் அழியும் என்பதை மக்கள் அறிந்தே இருந்தனர். அழிவதை மீண்டும் எழுதுவதற்கு ஒரு நாளையும் ஒரு பொறுப்பாளரையும் வகுத்து வைத்திருந்தனர்.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஹசாரிபாக் பகுதியில், தீபாவளியை ஒட்டி வரும் சோஹ்ராய் என்னும் விழாவின்போது பெண்கள் தத்தம் வீட்டு மண்சுவர்களைப் புதிதாக மெழுகி, செம்மண், மஞ்சட்காவி, வெண்களிமண், கருமண் ஆகியவற்றால் கால்நடைகளையும் செடிகொடிகளையும் எழுதுகின்றனர். திருமணக் காலத்தில் எழுதப்படுவது கோவர் எனப்படும். கருமண் பூச்சின் மேல் வெண்களிமண் பூசி, அது உலர்வதற்குள் சீப்பால் வழித்து உருவங்களை வெளிப்படுத்துவது கோவர் ஓவியத்தின் தனித்தன்மை. ஆண்டுதோறும் மழை இவற்றை அரித்து விடுகிறது. ஆண்டுதோறும் விழா வருகிறது, சுவரும் புதிதாகிறது. இக்கலைக்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பீகாரின் மிதிலைப் பகுதியில் மணமக்களின் அறைச் சுவரில் கோஹ்பர் ஓவியம் எழுதும் பொறுப்பு வீட்டுப் பெண்களுடையது. தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் மகள் கற்றுக்கொண்ட கலை அது. 1960களின் பிற்பகுதியில் பீகாரைக் கடும் வறட்சி வாட்டியபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் இப்பெண்களுக்குத் தாள் வழங்கி, சுவரில் எழுதியதைத் தாளில் எழுதச் செய்தது. விற்பனையால் அவர்களுக்கு வருவாய் கிடைத்தது. பல நூற்றாண்டுகளாகப் பெயர் தெரியாமல் இருந்த கலைஞர்களின் பெயர்களும் வெளி உலகுக்குத் தெரிய வந்தன. ஜகதம்பா தேவிக்கு 1975இலும், சீதா தேவிக்கு 1981இலும், கங்கா தேவிக்கு 1984இலும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் இக்கலை மீண்டும் சுவருக்குத் திரும்பியது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் மதுபனி இரயில் நிலையத்தில் 7,000 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில் உள்ளூர் ஓவியர்கள் மிதிலை ஓவியங்களைத் தீட்டினர். அழகிய நிலையங்களுக்காக இரயில்வே அமைச்சகம் நடத்திய போட்டியில் 2018ஆம் ஆண்டு மதுபனி நிலையமும் நமது மதுரை நிலையமும் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டன. மதுபனியில் அவ்வோவியர்கள் கூலி பெறாமல் உழைப்புக் கொடையாகவே அப்பணியைச் செய்தனர். அவர்தம் ஊர்ப்பற்று போற்றத்தக்கது. எனினும், வறட்சிக் காலத்தில் கலைக்கு ஊதியம் கிடைக்கச் செய்ததே முந்தைய முயற்சியின் வெற்றி என்பதையும் மறத்தலாகாது.

டில்லி கண்ட இரு இழப்புகள்

புதுப்பிக்கும் பொறுப்பு எவருக்கும் வகுக்கப்படாதபோது என்ன நேரும் என்பதற்கு டில்லி நகரமே இரு சான்றுகளைத் தருகிறது. இரண்டும் கட்டடத்துக்கு உள்ளே, அரசின் பாதுகாப்பில் இருந்த படைப்புகள் என்பது கருதத்தக்கது.

முதலாவது, விஞ்ஞான் பவன் மண்டபத்தில் இருந்த வெண்கலச் சுவர்ச் சிற்பம். சிற்பி அமர்நாத் சேகலிடம் 1957இல் மத்திய அரசு இப்பணியை ஒப்படைத்தது. சுமார் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட அச்சிற்பம் 1962இல் நிறுவப்பட்டது. 1979இல் மண்டபத்தைப் புதுப்பித்தபோது சிற்பியைக் கேளாமலே அது பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. சேகல் 1992இல் நீதிமன்றத்தை நாடினார். டில்லி உயர்நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு, படைப்பு விற்கப்பட்ட பின்னரும் அதன் பெருமை குலையாதிருக்கப் படைப்பாளிக்கு உள்ள உரிமையைக் காக்கிறது என்றும், படைப்பை அழிப்பது அவ்வுரிமையை மீறுவதில் அடங்கும் என்றும் நீதிமன்றம் கொண்டது. எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பித் தருமாறும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட்டது. பொதுச் சுவரை ஓவியருக்கு அளிக்கும் ஒவ்வொரு துறையும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

இரண்டாவது, முன்னர்க் குறிப்பிட்ட கங்கா தேவியின் கோஹ்பர் அறை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த காலத்தில் டில்லி கைவினை அருங்காட்சியகத்தின் ஓர் அறைச் சுவர்களில் அவர் இதனை எழுதினார். 1991இல் அவர் மறைந்தார். 2015ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும் பணியின்போது அவ்வோவியங்கள் அழிந்து போயின. தம் ஊரில் எழுதியிருந்தால், அழிந்த சுவரை அடுத்த திருமணத்தின்போது ஒரு மகளோ மருமகளோ மீண்டும் எழுதியிருப்பாள். நகரத்துச் சுவரில் எழுதியது எழுதியவரோடு முடிந்தது. லோதி காலனியில் முதல் சாரம் கட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தீய நோக்கம் எதையும் தேட வேண்டியதில்லை. கட்டடத்தைப் புதுப்பிப்பவர் தமக்கு இடப்பட்ட பணியைச் செய்கின்றார். அச்சுவரில் இருப்பது காக்க வேண்டிய பொருள் என்று அவர் கையில் உள்ள பதிவேடு கூறவில்லையென்றால், வெள்ளையடிப்பதே அவருக்குக் கடமையாகத் தோன்றும்.

சட்டமும் உரிமையும்

பொதுச் சொத்துகளை உருக்குலைப்பதைத் தடுக்கும் டில்லிச் சட்டம், 2007இன்படி, பொதுமக்கள் பார்வையில் உள்ள சொத்தின் மேல் மையாலோ சுண்ணக்கட்டியாலோ வண்ணத்தாலோ எழுதி உருக்குலைப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சுவரொட்டிகளும் விளம்பர எழுத்துகளும் நகரைப் பாழ்படுத்துவதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆகவே முறையான அனுமதிதான் சுவரோவியத்தைக் குற்றத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இவ்வனுமதியோ பெரும்பாலும் வரைவதற்கான அனுமதியாகவே நின்று விடுகிறது. ஓவியம் எத்தனை ஆண்டுகள் இருக்கலாம், சுவரைப் பழுதுபார்க்க நேர்ந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும், ஓவியரால் வர இயலாவிடில் வேறொருவர் திருத்தலாமா என்பவையும் அதில் இடம்பெறுதல் நல்லது. மேற்கூறிய 57ஆம் பிரிவு ஓவியருக்கு உரிமை அளித்துள்ள நிலையில், தொடக்கத்திலேயே இருதரப்பும் எழுத்து வடிவில் உடன்படுவது துறைக்கும் பாதுகாப்பு, கலைஞருக்கும் பாதுகாப்பு.

ஓவியத்தால் இயல்வதும் இயலாததும்

லோதி காலனியில் கிடைத்த வரவேற்பு இம்முயற்சியைப் பிற நகரங்களுக்கும் கொண்டு சென்றது. அவற்றுள் சென்னை கண்ணகி நகரை இங்குக் குறிப்பிட வேண்டும். ஏனெனில் ஒரே கலைமுறை, முற்றிலும் வேறான சமூகச் சூழலில் அங்குச் சோதிக்கப்பட்டது. நகரின் நீர்நிலைக் கரைகளிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த குடிசை மக்களையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் வீடிழந்தோரையும் குடியேற்றிய பகுதி அது. 2000ஆம் ஆண்டு முதல் அங்கு 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. பழைய வேலையிடங்களிலிருந்து தொலைவு, குடிநீர், போக்குவரத்து ஆகியவை பற்றிய குறைகளோடு, முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகின்றனர் என்ற மனக்குறையும் அங்குள்ள இளைஞர்களிடையே நிலவி வந்தது. 2020ஆம் ஆண்டு பெருநகர சென்னை மாநகராட்சியின் ஆதரவோடு, அதே அறக்கட்டளை அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை உருவாக்கியது.

அதுவரை குற்றச் செய்திகளில் மட்டுமே பேசப்பட்ட ஒரு பகுதியைப் பிற பகுதி மக்கள் தேடிச் சென்று பார்க்கத் தொடங்கியது சிறிய மாற்றமன்று. ஆயினும், ஓவியம் குடிநீரைக் கொண்டு வராது. கழிவுநீர்க் குழாயைச் செப்பனிடாது. பேருந்தின் எண்ணிக்கையைக் கூட்டாது. லோதி காலனியில் ஓவியம் வந்தபோது மரமும் நிழலும் அகன்ற வீதியும் அங்கு ஏற்கெனவே இருந்தன. கண்ணகி நகரில் அடிப்படை வசதிகள் முழுமையடையும் முன்பே வண்ணம் வந்தது. இவ்வேறுபாட்டைத் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ளல் வேண்டும். அடிப்படை வசதிகளுக்குத் துணையாக வரும் ஓவியம் மக்களின் தன்மதிப்பை வளர்க்கிறது. அவற்றுக்கு ஈடாக வைக்கப்படும் ஓவியம் குறையை மறைக்கும் திரையாகி விடுகிறது.

லோதி காலனியிலும் வேறு வகையான கேள்வி உண்டு. வீதி புகழ் பெற்றதும் பார்வையாளரும் புகைப்படக்காரரும் வருகின்றனர். வாயில் வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவ்வளைவு ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் நுழையும் வழி என்பதை அவர்கள் நினைவில் கொள்வது முறையாகும். கலைக்கூடம் மாலையில் மூடப்படும், குடியிருப்பு மூடப்படுவதில்லை.

செய்ய வேண்டுவன

பத்தாண்டு அனுபவத்திலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொள்வது கடினமன்று. அவற்றுக்குப் பெருஞ்செலவும் தேவையில்லை.

முதலாவது, பதிவேடு. ஒவ்வொரு சுவரோவியத்துக்கும் கட்டட எண், ஓவியர் பெயர், எழுதிய ஆண்டு, அடிப்பூச்சு, பயன்படுத்திய வண்ண வகை, எழுதி முடித்த அன்று எடுத்த புகைப்படம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கமேனும் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறியாளர் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். பொறியாளர் மாறினாலும் பதிவேடு மாறாது. வெள்ளையடிக்கும் ஒப்பந்தத்தைத் தயாரிக்கும்போது அப்பக்கம் கண்ணில் பட வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்புச் செலவு. ஓவியத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்து, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சுவரைப் பார்வையிடுவதற்கும், நீர்க்கசிவை அடைப்பதற்கும் பயன்படுத்தலாம். ஆதரவு தரும் நிறுவனங்களும் புதுச்சுவர்களுக்கு மட்டும் உதவாமல் பழைய சுவர்களுக்கும் உதவ முன்வர வேண்டும்.

மூன்றாவது, குடியிருப்போரின் கருத்து. வீடு தங்களுடையதன்று என்றாலும், நாள்தோறும் அச்சுவரைக் காண்பவர்கள் அவர்களே. எழுதும் முன் மாதிரிப் படத்தை அவர்களுக்குக் காட்டுதல், புதிதாகக் குடிவருவோருக்கு ஓவியத்தைப் பற்றிய குறிப்பை அளித்தல், வெளிறிய ஓவியத்தைப் புதுப்பிப்பதா, வேறொன்று எழுதுவதா என்பதைக் குடியிருப்போர் நலச் சங்கத்தோடு கலந்து முடிவு செய்தல் ஆகியன எளிதில் செய்யத் தக்கவை. எல்லா ஓவியங்களும் என்றென்றும் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலவற்றை அழிய விடலாம். ஆனால் அது அறிந்து எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும்.

நான்காவது, வேலைவாய்ப்பு. பலகை எழுதுவோரும் தட்டி ஓவியர்களும் உயரத்தில் நின்று பெரிய அளவில் எழுதும் திறனை ஏற்கெனவே பெற்றவர்கள். பிளெக்ஸ் அச்சினால் தொழில் இழந்த இவர்களைச் சுவரோவியங்களைப் புதுப்பிக்கும் பணிக்கு உரிய கூலியோடு அமர்த்தினால், ஓவியமும் காக்கப்படும். ஒரு கைத்திறனும் காக்கப்படும். வண்ணம் பூசும் தொழிலில் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கும் இதனைப் பாடமாக வைக்கலாம்.

ஹசாரிபாக்கின் பெண்ணுக்குத் தன் சுவரை எப்போது எழுத வேண்டும் என்பதை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அறுவடை நினைவூட்டுகிறது, விழா நினைவூட்டுகிறது. அத்தகைய நாட்காட்டி நகரத்துக்கு இல்லை. ஆனால் அதற்குப் பராமரிப்பு அட்டவணை உண்டு, பதிவேடு உண்டு, ஆண்டு மதிப்பீடு உண்டு. வடிகாலையும் தெருவிளக்கையும் போலவே சுவரோவியத்துக்கும் அவ்வட்டவணையில் ஒரு வரி இடம் கிடைக்குமானால், விஞ்ஞான் பவனிலும் கைவினை அருங்காட்சியகத்திலும் நேர்ந்த இழப்பு லோதி காலனியிலும் நேராமல் தடுக்கலாம். சுவரைக் காக்கும் பொறுப்பை முதலில் முடிவு செய்து, அதன் பின் சாரம் கட்டுவதே நகரங்கள் இனிக் கைக்கொள்ள வேண்டிய முறையாகும்.